நாடு தழைக்க நோற்ற நோன்பு

நோன்பு என்பது பழந்தமிழ்ச் சொல். பொறுத்தல், தாங்குதல் எனப் பொருள்படும் 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. தனக்கு வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ளுதலும் பிற உயிர்களுக்குத் துன்பம் இழையாமையுமே தவத்தின் இயல்பு என்று திருவள்ளுவனார் வரையறுத்தார். ஆகவே, வயிற்றைக் காயவைத்தல் ஒன்றே நோன்பாகிவிடாது. அஃது எவர் பொருட்டு நோற்கப்படுகின்றது என்பதே அதன் உயிர்நிலை. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது, மார்கழித் திங்களில் கன்னியர் நோற்ற பாவை நோன்பின் வரலாறாகும்.

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலின் 11ஆம் பாடலில் ஆசிரியர் நல்லந்துவனார் இந்நோன்பின் பழைய வடிவத்தைக் காட்டுகின்றார். மாரி ஓய்ந்த பனிக்காலத்தில், திருவாதிரை நாளில் அந்தணர் விழாத் தொடங்க, இளமகளிர் குளிரைப் பொருட்படுத்தாது விடியலில் வையையில் நீராடினர். சடங்கின் முறைமை அறிந்த முதுபெண்டிர் அவர்க்கு வழிகாட்டினர். அகன்ற இந்நிலம் வெப்பத்தால் வாடாதிருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் முதற்கண் வேண்டிய வரம். தாயரை அருகே கொண்டு ஆடியமையால் இஃது அம்பா ஆடல் எனப்பட்டது. பிற தொகை நூல்கள் கூறும் தைந்நீராடலும் இதனொடு தொடர்புடையது என்பர் ஆராய்ச்சியாளர்.

வடமொழியிலும் இதற்கு இணையானதொரு நோன்பு உளது. பாகவதம் பத்தாம் கந்தத்தில், ஆயர்பாடிக் கன்னியர் முன்பனிக்காலத்து முதல் திங்களில் யமுனையில் நீராடி, மணலால் காத்தியாயனியின் பாவை சமைத்து, அவியுணவு மட்டுமே உண்டு வழிபட்டனர். கண்ணனைக் கணவனாகப் பெறுதலே அவர்கள் கருத்து.

இவ்விரு நீரோட்டங்களும் வந்து கலந்த சங்கமமே ஆண்டாள் அருளிய திருப்பாவை. திருவில்லிபுத்தூரில் அவதரித்த அவ்வம்மையார், தம் ஊரையே ஆயர்பாடியாகப் பாவித்து 30 பாசுரங்களைப் பாடினார். இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் ஒழுக்கம் வகுக்கப்படுகின்றது. நெய்யும் பாலும் விலக்கப்பட்டன; மையும் மலரும் நீக்கப்பட்டன. அவ்வளவில் நிற்கவில்லை. புறங்கூறுதலும் தகாதன செய்தலும் ஒழிக்கப்பட்டன. இல்லார்க்கும் துறவியர்க்கும் இயன்றமட்டும் ஈதலும் கடமையாயிற்று. நாவின் சுவையை அடக்குவோர் நாவின் சொல்லையும் அடக்குதல் வேண்டும் என்னும் நுட்பம் இங்கே சிந்தித்தற்குரியது. அடுத்த பாசுரத்தில், தீங்கின்றி நாடெங்கும் திங்கள்தோறும் மும்மாரி பொழிய வேண்டுகின்றார். சங்ககாலக் கன்னியர் வேண்டிய வரம் இங்கும் மறக்கப்படவில்லை. மாணிக்கவாசகர் 20 பாடல்களால் திருவண்ணாமலையில் அருளியதாகப் போற்றப்படும் திருவெம்பாவையிலும் மேகத்தை விளித்து மழை வேண்டும் பாடல் இடம்பெறுகின்றது. சைவமும் வைணவமும் இந்நோன்பில் ஒருமித்து நிற்கின்றன.

நோன்பு நிறைவுறும் முறையும் கருதத்தக்கது. 27ஆம் பாசுரத்தில், விலக்கிய நெய்யும் பாலும் மீண்டும் வருகின்றன. அணிகலனும் ஆடையும் வருகின்றன. ஆயினும் அவ்வமுதைத் தனித்து உண்பாரில்லை. யாவரும் கூடியிருந்தே உண்கின்றனர். மார்கழி 27ஆம் நாள் வைணவத் திருக்கோயில்களில் கூடாரவல்லி என்று கொண்டாடப்பெற்று, அக்காரவடிசில் படைக்கப்படுதல் இதன் வழிவந்ததே. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் பாடினார். பிற்காலத்தில் இராமாநுசர் அவற்றைச் சமர்ப்பித்து, அந்நேர்த்தியை நிறைவேற்றினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். ஒருவர் நேர்ந்ததை மற்றொருவர் முடித்துவைத்தலும் நோன்பின் மரபாயிற்று.

இம்மரபு கடல் கடந்தும் சென்றது. சயாம் என வழங்கிய தாய்லாந்தின் தலைநகராம் பாங்காக்கில், 1784இல் எழுந்த தேவஸ்தானம் என்னும் கோயிலில், திரியம்பாவாய், திரிபாவாய் எனும் விழாக்கள் நடைபெறுகின்றன. அந்நாட்டு அந்தணர் ஓதும் பாடல்களுள் திருவெம்பாவையும் உண்டு. கோயிலின் முன் நிற்கும் மாபெரும் ஊசலில் ஆடும் வழக்கம் 1935இல் நின்றுபோயிற்று; ஆயினும் கோயிலினுள் ஓதுதல் நிற்கவில்லை. தமிழகத்தில், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், காஞ்சி காமகோடி பீடாதிபதி ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் திருப்பாவை திருவெம்பாவை மாநாடுகளை ஊக்குவித்தமையால், இப்பாடல்கள் ஊர்தோறும் புத்துயிர் பெற்றன.

உணவை ஒழித்தல் உடலால் ஆவது; அவ்வுணவு பிறர்க்கும் கிடைக்க வேண்டுதல் உள்ளத்தால் ஆவது. முன்னது மட்டும் இருப்பின் அது பட்டினி. இரண்டும் கூடின் அதுவே நோன்பு. நோயாலும் முதுமையாலும் உணவை விலக்க இயலாதாரும், புறங்கூறாமையும் ஈகையும் கொண்டு இந்நோன்பில் பங்குபெறலாம். இவ்வுண்மையை உளங்கொண்டு நோற்கும் அன்பர்கள், தாமும் தழைத்துத் தம் நாடும் தழைக்க, இறைவன் திருவருள் பெற்று நீடு வாழ்வார்களாக.