பட்டாணி புகட்டிய பாடம்

விதைத்தவனின் கை ஓய்ந்த பின்னரே விதை தன் வேலையைத் தொடங்குகிறது. உழவர் இதனை நன்கறிவர். உழைப்பின் பலனை அன்றன்றே காண விழையும் நாமோ எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறக்கும் வேளைகளில் நாம் நினைவுகூர வேண்டிய குரு ஒருவர் உண்டு. அவரே கிரகோர் மெண்டல்.

அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், இன்று செக் நாட்டில் அடங்கிய சிற்றூர் ஒன்றில், 1822-ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1843-இல் பிரனோ நகரின் புனித தோமையார் மடத்தில் அகுஸ்தினார் சபைத் துறவியானார். 1847-இல் குருப்பட்டம் பெற்றார். ஆனால் பங்குப் பணி அவருக்கு இயலவில்லை. நோயுற்றோரின் வேதனையைக் கண்டு தாமே நோயுறும் அளவுக்கு மெல்லிய உள்ளம் அவருடையது. மடத் தலைவர் சிரில் நாப் அவரைக் கடிந்துகொள்ளாமல், பள்ளியில் கற்பிக்க அனுப்பினார். 1850-இல் எழுதிய ஆசிரியர் தகுதித் தேர்விலும் மெண்டல் தோற்றார். அப்போதும் நாப் கைவிடவில்லை. மேற்கல்விக்காக வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அவரை அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்த மெண்டல், 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். மொட்டு மலருமுன் அதைப் பிரித்து, மகரந்தப் பைகளை அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைத் தம் கையாலேயே இட்டு, பூவை உறையால் மூடினார். ஏறத்தாழ 28,000 செடிகள் அவர் பார்வையில் வளர்ந்தன.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறையில் விளைந்தவை அனைத்தும் உருண்டை விதைகளே. சுருக்கம் ஒழிந்தது என்றே எவரும் முடிவு செய்திருப்பர். மெண்டல் அவசரப்படவில்லை. அவ்விதைகளையே மீண்டும் விதைத்து, விளைந்ததை ஒவ்வொன்றாக எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்திருந்த பண்பு அழியவில்லை. ஒரு தலைமுறை ஒடுங்கியிருந்து, சிறிதும் சிதையாமல் வெளிவந்தது. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று நம் பிள்ளைகள் இன்று பள்ளியில் படிப்பது இதனையே.

1865-இல் பிரனோ அறிவியல் கழகத்தில் இரு கூட்டங்களில் இதை வாசித்தார், 1866-இல் அச்சிட்டார். அறிஞர் உலகம் அதன் பொருளை உணரவில்லை. புகழ்பெற்ற பேராசிரியர் கார்ல் நேகெலியோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவர் ஆய்ந்துவந்த ஹைராசியம் என்னும் காட்டுச்செடியிலும் மெண்டல் முயன்றார். அதுவோ பட்டாணியின் கணக்குக்கு உட்படவில்லை. அச்செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை ஈனும் என்பது பின்னரே தெரியவந்தது. இயற்கை நல்ல ஆசான்தான். ஆயினும் நாம் விரும்பும் விடையைத் தர அது கடமைப்பட்டதன்று.

1868-இல் மெண்டல் மடத் தலைவரானார். நிர்வாகச் சுமையும், மடங்கள்மீது அரசு விதித்த வரியை எதிர்த்த நீண்ட வழக்காடலும் அவர் காலத்தை விழுங்கின. 1884 சனவரி 6-ஆம் நாள் இறந்தபோது, மரபியலின் தந்தை மறைந்தார் என்று எவரும் எழுதவில்லை. 1900-ஆம் ஆண்டில்தான் டி விரீஸ், கோரென்ஸ், செர்மாக் ஆகிய மூவரின் ஆய்வுகள் வழியாக அவரது கட்டுரை மீண்டும் ஒளி பெற்றது. அச்சேறி 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பங்குகளில் நாமும் விதைக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் சொன்னது ஒரு சிறுவனிடம் தெரியவில்லை என்றதும், வீணாயிற்று என்கிறோம். தேர்வில் தோற்றவனை உதவாதவன் என்று ஒதுக்குகிறோம். அன்று நாப் அவ்வாறு ஒதுக்கியிருந்தால் மெண்டல் ஏது? அத்தோட்டம்தான் ஏது? ஒரு தலைமுறையைப் பார்த்துத் தீர்ப்பெழுத மெண்டலின் பட்டாணியே இடம் தரவில்லை. அப்படியிருக்க, ஒரு தேர்வையோ ஓர் ஆண்டையோ பார்த்து மனிதருக்குத் தீர்ப்பெழுத நாம் யார்? இவ்வாண்டு நம் கண்ணுக்குத் தென்படாத ஒரு சிறுவனை, அடுத்த ஆண்டும் பெயர் சொல்லி அழைப்போம்.