சானடோரியம் ஸ்டேஷன் சொல்லும் இரண்டு கணக்குகள்

ஹெல்த் டேட்டா சயின்ஸில் எம்.எஸ்சி. சேரலாமா என்று கேட்டு எனக்கு அவ்வப்போது மெயில் வரும். கேட்பவர்களில் பாதிப்பேர் இன்ஜினியரிங் முடித்தவர்கள். "பைத்தான் தெரியும், மெஷின் லேர்னிங் தெரியும், மருத்துவம்தான் தெரியாது. சமாளிச்சுடலாமா?" என்பார்கள். தாராளமாகச் சமாளிக்கலாம். ஆனால் சேருவதற்கு முன்னால் இரண்டு பழைய கணக்குகளைத் தெரிந்துகொண்டு போங்கள். இரண்டுமே தாம்பரம் சானடோரியத்தின் கதையோடு பின்னிக்கிடப்பவை.

பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டினால் வருவது தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன். தினமும் அதில் ஏறி இறங்குகிற பலருக்கு அது வெறும் ஊர்ப்பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 12 படுக்கைகளோடு அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்தி அனுபவப்பட்டவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். 1937-ல் தாம்பரம் மருத்துவமனையை அரசு எடுத்துக்கொண்டது.

அப்போது டிபிக்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதற்காக நோயாளி மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். படுத்தவர் சம்பாதிக்கிறவர் என்றால் அந்தக் குடும்பத்தின் கதி என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

1940-களின் கடைசியிலும் 1950-களின் தொடக்கத்திலும் மருந்துகள் வந்தன. ஆனால் படுக்கை போதவில்லை. அப்போது எழுந்த கேள்வி: நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? பயத்துக்கும் காரணம் இருந்தது. காற்றில்லாத ஒண்டுக்குடித்தனம், அரைவயிற்றுச் சாப்பாடு. நோய் குணமாகாமல் போகலாம், கூடவே இருக்கிற குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளலாம்.

இதற்குப் பதில் தேட 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ்.

இன்றைய மாணவரிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் என்ன செய்வார்? ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டில் இருந்தவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிடுவார். அங்கேதான் சிக்கல். யாருக்குப் படுக்கை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்குப் பின்னால் நோயின் தீவிரம், பணம், சிபாரிசு என்று எவ்வளவோ இருக்கும். பத்து லட்சம் வரிகள் இருந்தாலும் அந்தக் கோணல் தானாக நிமிராது.

சேத்துப்பட்டில் செய்தது வேறு. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை, டாக்டரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ கலக்காமல், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீடு, இன்னொன்றுக்குச் சானடோரியம். இரண்டுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடத்துக்கு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடையும் கூடுதலாக ஏறியிருந்தார்கள்; ஆனாலும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க டிபி சிகிச்சை படுக்கையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததற்கு இந்தச் சின்னக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சதவீதம் எப்படிக் கிடைத்தது என்பதையும் பாருங்கள். நோயாளி மாத்திரையை விழுங்கினாரா, குப்பையில் போட்டாரா? அதைக் கண்டுபிடிக்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இன்று 'மிஸ்ஸிங் டேட்டா' என்று ஒரு கட்டளையில் நிரப்பிவிடுகிறோமே, அன்று அதற்காகச் சந்து சந்தாக நடந்திருக்கிறார்கள்.

இனி இரண்டாவது கணக்கு. மருந்து வந்த பிறகு தாம்பரத்தில் படுக்கைகள் காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் டிபியோடு அங்கே வந்து குவிந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

இந்தக் கிருமி நம் ஊரில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது எது தெரியுமா? ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேடு. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன தலைப்பை எடுத்துக்கொண்டு பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள். பாதுகாப்பாக வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பிறகு சோதனைக்காக வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 1986-ல் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல் கண்டுபிடிப்பு. 'நம்ம நாட்டுக்கெல்லாம் எய்ட்ஸ் வராது' என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மாபெரும் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பெண்களில் பலர் அரசுக் காப்பகத்தில் இருந்தவர்கள். எதற்கான சோதனை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னால் தொற்று இருப்பதாகத் தெரியவந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்துவைத்தார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1990-ல்தான் வெளியே விட்டார்கள். ஆய்வேட்டில் 'பாசிட்டிவ்' என்பது ஒரு கட்டத்தில் விழும் குறி. அந்தப் பெண்களுக்கோ அது பூட்டிய கதவு. சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவர 2017 ஆனது.

அதனால் கோர்ஸ் தேடுகிறவர்கள் எந்த சாஃப்ட்வேர் கற்றுத்தருகிறார்கள், பிளேஸ்மென்ட் எவ்வளவு என்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். எபிடெமியாலஜியும் ஆய்வு வடிவமைப்பும் எத்தனை மணி நேரம்? ஒரு செமஸ்டராவது களத்துக்கு அனுப்புவார்களா? கம்ப்யூட்டரை நாமே கற்றுக்கொள்ளலாம். யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதையும், அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்பதையும் கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் ஃபீஸ் கட்டாதீர்கள்.