எழுதுகிறவர் நிறுத்தினால் டிவி நிற்குமா?

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் ராயபுரத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சரக்கு இறங்காது, லாரிகள் வரிசை கட்டும், கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும். அது காத்துக்கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் யாரோ பணம் கட்டியாகணும். நிறுத்தினவங்க பலம் அந்தக் கணக்கில்தான் இருக்கு.

டிவி சீரியல் எழுதுகிறவர் நிறுத்தினால் என்ன ஆகும்? எழுத்தாளர்கள் மட்டும் தனியாக நடத்திய டிவி வேலைநிறுத்தம் எதுவும் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. நெருக்கமாக வருவது 2008 மும்பை. இந்தி சினிமா, டிவி தொழிலாளர் கூட்டமைப்பு (எழுத்தாளர் சங்கமும் அதில் ஒரு உறுப்பு) சம்பள உயர்வு கேட்டு இறங்கியது. அந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.

நவம்பர் 8: படப்பிடிப்பு நின்றது.
நவம்பர் 10: இந்தி சேனல்களில் பழைய எபிசோடுகள் ஓட ஆரம்பித்தன.
நவம்பர் 19: உடன்பாடு. மறுநாள் வேலை தொடங்கியது.
டிசம்பர் 1: புது எபிசோடுகள் திரும்பின.

மென்பொருள் ஆளான எனக்கு இது பஃபர் கணக்காகத் தெரிகிறது. வேலை நின்ற இரண்டாம் நாளே பழசுக்குப் போக வேண்டியதாயிற்று என்றால், கையில் இருப்பு ஏறக்குறைய இல்லை என்று அர்த்தம். வேலை தொடங்கிய பிறகும் புதுசு வர 11 நாள் ஆகியிருக்கிறது. காலியான பஃபரை நிரப்பாமல் தினசரித் தொடரை ஓட்ட முடியாது என்பதுதான் காரணமாக இருக்கணும்.

இவ்வளவு மெல்லிய இருப்பு என்றால் தொழிலாளர் கைதானே ஓங்கியிருக்கணும்? அங்கேதான் சிக்கல். திரை ஒரு நாள்கூட இருட்டாகவில்லை. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பவும் வீட்டில் குழம்பு கொதிக்கும், கருவாடு இருக்கு. டிவிக்குக் கருவாடு மறுஒளிபரப்பு. ஆனால் கருவாட்டைக் காயவைத்தவருக்கு அது விற்கும்போது காசு வரும். பழைய எபிசோடை எழுதினவர் ஒரு தடவை வாங்கின சம்பளத்தோடு முடிஞ்சு போச்சு என்றால், அவர் வேலையை நிறுத்தியிருக்கும்போது அவர் எழுதின பழைய எபிசோடே அவருக்கு எதிராக வேலை செய்கிறது. கருங்காலியை வெளியே தேடவே வேண்டாம்.

இதை ஹாலிவுட் எழுத்தாளர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1960-ல் சுமார் 5 மாதம் நடந்த நிறுத்தத்தின் முக்கியச் சண்டையே, சினிமா டிவியில் ஓடினால் எழுதினவருக்குப் பங்கு உண்டா என்பதுதான். 2007 நவம்பர் 5-ல் தொடங்கி 100 நாள் நடந்ததில் அதே கேள்வி இணையத்துக்கு வந்தது. அப்போது முதலில் விழுந்தவை இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிகள். அன்றன்றைக்கு எழுதுபவை என்பதால் இருப்பே கிடையாது. 2023-ல் 148 நாள். ஸ்ட்ரீமிங் பங்கோடு செயற்கை நுண்ணறிவும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது.

நம்ம ஊரில் இதன் வெள்ளோட்டத்தை 2020-ல் பார்த்தோம். அது வேலைநிறுத்தம் இல்லை, கொரோனா. மார்ச் 19 முதல் பெப்சி படப்பிடிப்பை நிறுத்தியது. மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் பழைய ராமாயணம். சன் டிவியில் 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி' மறுபடியும் வந்தது. ஜனங்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். தினக்கூலிக்கு வேலை செய்த லைட்மேனுக்கும் உதவியாளருக்கும் வருமானம் நின்றது. திரை நிற்கவில்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே படைப்பு பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதினவருக்குச் சமபங்கு. அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிடவும் முடியாது. பாட்டெழுதுபவர்களைப் பற்றியே அதிகம் பேசப்பட்டாலும், சட்டத்தில் உள்ள சொல் இலக்கியப் படைப்பு. திரைக்கதையும் வசனமும் அதில் அடங்கும்.

ஆனால் சட்டத்தில் இருப்பதும் கையில் வருவதும் வேறுவேறு. எபிசோடுக்கு இவ்வளவு என்று வாங்கி, நாளைக்குள் அடுத்த சீனைக் கொடுக்க வேண்டிய வசனகர்த்தா தனியாளாகப் போய்ப் பங்கு கேட்டால் அடுத்த வாரம் வேறொருவர் எழுதுவார். அதனால்தான் சங்கம். வடசென்னை மில் தொழிலாளர்கள் 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்ததும் இதே கணக்கில்தான்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். சீரியல் எழுதுகிறவர்கள் ஒருநாள் சேர்ந்து நிறுத்துவதாக இருந்தால், முதல் கோரிக்கை சம்பள உயர்வாக இருக்கக் கூடாது. மறுஒளிபரப்பில் பங்கு. அது இருந்தால் சேனல் பழசைப் போட்டு ஓட்டுகிற ஒவ்வொரு நாளும், துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கிற கப்பல் மாதிரி, யாரோ பணம் கட்டியாகணும்.