பழனி வழியும் மகமை அறமும்

தமிழ் நூல்வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. தான் பெற்ற பேற்றைப் பிறரும் பெறுமாறு வழி கூறி விடுப்பது அதன் இலக்கணமாம். பரிசில் பெற்ற பாணரும் கூத்தரும் தம்மினத்தாரை வள்ளல்பால் ஆற்றுப்படுத்தும் இம்முறையை, வீடுபேறு விழைந்தான் ஒருவனை முருகப்பெருமான்பால் ஆற்றுப்படுத்துதற்கு நக்கீரர் மேற்கொண்டனர். பதினோராந் திருமுறையுள் வைத்துப் போற்றப்பெறும் அத்திருமுருகாற்றுப்படையில் மூன்றாம் படைவீடாகக் கூறப்பெறும் திருவாவினன்குடியே பழனி. எனவே பழனிக்கு வழிச்செல்லுதல் நம்மவர்க்கு இன்று நேற்று உண்டானதன்று. அவ்வழி எவ்வறத்தால் காக்கப்பெற்றது, அவ்வறம் இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருக்கோயிற்குச் செல்லுதலும் ஆண்டுத் தொண்டியற்றுதலும் சரியையின்பாற்படும். மெய்யடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமாகவே கண்டு வழிபடுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. இதனை நோக்குமிடத்து, வழிச்செல்லும் அடியாரைப் பேணுதலும் வழிபாடே என்பது பெறப்படும். திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்தமையும், பழையாறை வணிகராகிய அமர்நீதி நாயனார் திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதும் உடையும் அளித்தமையும் பெரியபுராணத்தால் அறிகின்றோம். பின்னவர் வணிகத்தைத் துறந்தவரல்லர். வணிகத்தின் பயனை அடியார்க்கு ஆக்கியவர். இஃது உன்னத்தக்கது.

திண்டுக்கற் சமவெளி, கிழக்கே சிறுமலையும் தென்மேற்கே பழனிமலைத் தொடரும் எல்லையாக அமைந்த வறண்ட நிலப்பரப்பு. அங்கு நீர் அரியது; அதனால் அயலார்க்கு நீர் வார்த்தல் தலையாய அறமாயிற்று. இச்சமவெளியூடு நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குச் சர்க்கரைக் காவடி ஏந்தி நடக்கின்றனர். இவ்வழக்கம் ஏறத்தாழ நானூறு ஆண்டுத் தொன்மை உடையது என்பர். நெற்குப்பைக் குமரப்பச் செட்டியார் என்பார் உப்பு விற்கப் பழனிக்குச் சென்றார் என்பதும், ஆண்டு ஈசானிய சிவாசாரியார் இல்லத்தில் தங்கினார் என்பதும், தம் ஊதியத்தில் ஒரு பங்கைப் பழனியாண்டவர்க்கு மகமையாக எடுத்துவைத்தார் என்பதும், அதினின்றே பூசைக்கும் அன்னதானத்திற்கும் காவடிக்கும் கட்டளைகள் வளர்ந்தன என்பதும் அம்மரபினர் வழிவழிப் போற்றிவருஞ் செய்திகள்.

இவ்வரலாற்றில் உள்ள நுட்பம் யாது? தாம் பொருளீட்டிய ஊருக்கு வணிகர் தாம் கடன்பட்டவர் என்று கருதினர். அக்கடன் மகமையாயிற்று, மகமை மடமாயிற்று, மடம் வழிச்செல்வார்க்கு நிழலாயிற்று. குன்றக்குடியினின்றும் புறப்பட்டுச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி சேரும் காவடியாளர், இடைவழி ஊர்களிற் சுமையாகத் தங்காது, தம் முன்னோர் நிறுவிய மடங்களிலும் வழக்கமான தங்குமிடங்களிலும் தங்குகின்றனர். நத்தம் முதலிய ஊர்களில் அன்னம் பாலிக்கின்றனர். வழிபாடு முடிந்தபின் நடந்தே மீள்கின்றனர். கொங்குநாட்டடியாரோ, பங்குனியுத்திரத்திற்குக் கொடுமுடியிற் காவிரிநீர் முகந்து தீர்த்தக்காவடியாகக் கொணர்கின்றனர். வேனிற்காலத்தில் வறண்ட நிலத்திற்கு நீர்கொண்டு வரும் விருந்தினர் இவர். ஒருசாரார் அன்னங் கொணர்ந்தனர். ஒருசாரார் நீர் கொணர்ந்தனர். வெறுங்கையொடு வந்து ஊரை உண்டு போதல் யாத்திரை ஆகாது என்பதே இவ்விருவர் ஒழுக்கத்தாலும் விளங்கும் உண்மை.

இனித் திண்டுக்கல் நகரத்து மலையை நோக்குவாம். 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டையைத் திருமலை நாயக்கர் வலியுறுத்தினர். பின்னர் அது ஐதரலி, திப்புசுல்தான் ஆட்சிக்குட்பட்டு, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாயிற்று. மலையுச்சிக் கோயிலில் இன்று மூலத்திருவுருவம் இல்லை. அம்மையப்பர் வழிபாடு நகரினுள் அபிராமியம்மை கோயிலில் நிகழ்கின்றது. மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள அம்மலைக்குச் செல்வோருட் பலர் கோட்டை காண்பாராகவே செல்கின்றனர். காண்டல் தவறன்று. ஆயினும், கருவறை வெறுமையாயிருத்தலால் அவ்விடம் உண்டு களிக்கும் இடமும் பெயர் கீறும் இடமும் ஆமோ? பூசை நின்றவிடத்தும் முன்னோர் தொழுத நினைவு நிற்கின்றது. அதனைக் காண்போர்க்கு எடுத்துரைக்கும் கடமை, ஆண்டு வழிகாட்டிப் பொருள்பெறுவார்க்கும் உண்டு.

பழனியில் 1966-இல் இழுவை இரயிலும் 2004-இல் கம்பிவட ஊர்தியும் இயங்கத் தொடங்கின. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அவை பேருதவி. எனினும் வருகை எளிதாகவே நோன்பு தளர்தலும் குப்பை பெருகுதலும் உடன்வந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப்பொருள்களை 2019 சனவரி முதல் தமிழக அரசு தடுத்தது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுள் கைப்பேசியும் படக்கருவியும் விலக்கப்பெற்றன. முன்னாளில் நோன்பால் தாமே நின்ற ஒழுக்கத்தை இந்நாளில் ஆணையிட்டு நிறுத்தவேண்டியதாயிற்று. ஆணை கையைத் தடுக்கும்; நெஞ்சைத் திருத்துவது அன்பொன்றே.

வணிகர்க்கும் ஒன்று கூறுவாம். பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் உயிர் விருப்பாட்சி மலைவாழைப்பழம். அவ்வாழையோ முடிக்கொத்து நோயால் முன்னைய பரப்பிற் பெரிதுங் குறைந்துபோயிற்று. பஞ்சாமிர்தத்தால் வாழ்வார், விடுதியால் வாழ்வார், ஊர்தியால் வாழ்வார் யாவரும் தம் ஊதியத்தில் ஒரு சிறுபங்கை மகமையாக ஒதுக்கி, மலைவாழை பயிரிடுவார்க்கும், வழியூர்களின் ஊருணிகட்கும், தண்ணீர்ப்பந்தர்கட்கும் ஆக்குவாராயின், உப்பு வணிகர் இட்ட வித்து மீண்டுந் தழைக்கும். மலைவளம் குன்றின் அவர்தம் வணிகமும் உடன் குன்றும் என்பது சொல்லாமே அமையும்.

யாத்திரை செல்வாரும் மூன்றனைக் கடைப்பிடிப்பாராக: உண்ணுநீர்க்குத் தம் கலம் கொண்டுசெல்க, வழியூராரை ஏவலாளராக எண்ணாது அடியாராக எண்ணி வணங்குக, சென்றவிடத்து ஒரு தொண்டேனும் செய்து மீள்க. இங்ஙனம் சென்று வந்தவரே பிறரை ஆற்றுப்படுத்தத் தகுதியுடையார். பழனியாண்டவன் திருவருள் இதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்