எட்டுத் துண்டு நிலம்

சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி கோயம்புத்தூருக்கு இடம் மாறியது 1906-இல். அடுத்த மூன்றாண்டுக்குள், 1909-இல், அதன் பண்ணையில் ஒரு மானாவாரிக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து உரச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். நிரந்தர உரச் சோதனை என்று அதற்குப் பெயர். இறவைப் பாசனத்துக்கென இன்னொன்று 1925-இல் சேர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு இவை பாட்டன் சொத்து. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் நடந்துவரும் கோதுமைச் சோதனைதான் முன்மாதிரி. கான்பூரில் 1885-லேயே அப்படி ஒன்று தொடங்கியிருந்தது.

அன்றைய கொங்கு விவசாயிக்கு உரம் என்றால் தொழுவுரம், ஆட்டுப்பட்டி, குளத்து வண்டல். மூட்டையில் வரும் உரத்தை எதற்குப் போட வேண்டும், எதைப் போட்டால் எவ்வளவு கூடும் என்பதற்கு நம்பத்தக்க விடை யாரிடமும் இல்லை.

அதற்காகக் கோவையில் கேட்ட கேள்வி அபாரமானது. எதுவும் போடாத துண்டு ஒன்று. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் தனியாகப் போட்ட துண்டுகள் மூன்று. இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டவை மூன்று. மூன்றையும் சேர்த்துப் போட்டது ஒன்று. ஆக எட்டு. இவற்றோடு தொழுவுரம் போட்ட துண்டும், முன்பு போட்ட தொழுவுரத்தின் மிச்சம் எவ்வளவு காலம் பலன் தருகிறது என்று பார்க்க மற்றொன்றும்.

இந்த எட்டையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தழைச்சத்து வாங்கிய துண்டுகள் நான்கு, வாங்காதவை நான்கு. மணிச்சத்துக்கும் அதே கணக்கு, சாம்பல்சத்துக்கும் அதே கணக்கு. எட்டே துண்டை வைத்து மூன்று கேள்விக்கும் நாலுக்கு நாலு என்று ஒப்பிட முடிகிறது. அதைவிடப் பெரிய ஆதாயம், மணிச்சத்து இருக்கும்போது தழைச்சத்து கூடுதலாக வேலை செய்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே அறிவியல் என்று பலர் நம்பிய காலம் அது. அப்படிச் செய்திருந்தால் இந்தக் கூட்டு வேலை கண்ணிலேயே பட்டிருக்காது. பல காரணிகளைச் சேர்த்தே சோதிப்பதுதான் சிறந்தது என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வாதிட்டது 1926-இல்.

ஆனால் ஒரு குறை இருந்தது, சிறிய குறையல்ல. ஒரு வகைக்கு ஒரே துண்டு. கொங்குச் சீமையின் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து உடனே விளங்கும். ஒரே காட்டில் ஒரு பக்கம் செவல், மறுபக்கம் கரிசல் தட்டும். மேட்டில் சுக்கான்கல் தலைகாட்டும், பள்ளத்தில் ஈரம் நிற்கும். பள்ளத்துத் துண்டில் கம்போ சோளமோ செழித்தால் அது உரத்தின் வேலையா, மண்ணின் வேலையா?

ஐம்பது போகம் தொடர்ந்து பார்த்தால் சரியாகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. மழை தவறிய வருஷமும் பெய்த வருஷமும் சராசரியில் கலந்துவிடும். மண் மட்டும் இடம் மாறாது. நல்ல மண்ணில் விழுந்த துண்டு நூறு போகத்திலும் நல்ல மண்ணில்தான் இருக்கும், அதே பொய்யை நூறு முறை சொல்லும். ஒரு துண்டின் மண் நேற்று எப்படி இருந்தது, நாற்பதாண்டு கழித்து எப்படி ஆனது என்று அதை அதனோடேயே ஒப்பிடுவதற்கு இந்தச் சோதனை விலைமதிப்பற்றது. ஆனால் துண்டுக்குத் துண்டு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

ஃபிஷர் 1919-இல் ராதம்ஸ்டெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கேயும் இதே பிரச்சினை, மலைபோல் குவிந்த பழைய கணக்குகளாகக் காத்திருந்தது. அவர் வகுத்த வழி: ஒவ்வொரு வகையையும் பல துண்டுகளில் திரும்பச் செய். எந்தத் துண்டுக்கு எது என்பதை ஆள் முடிவு செய்யாமல் குலுக்கலுக்கு விடு. மண் ஒத்திருக்கும் இடங்களைத் தொகுதியாகப் பிரித்து, எல்லா வகையும் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வரும்படி பார். 1935-இல் இதையெல்லாம் ஒரே நூலாக எழுதினார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கவும் வந்தார்.

குலுக்கலின் தேவை பண்ணைக்கு வெளியே இன்னும் அதிகம். மாவட்டம் முழுக்க விளைச்சல் எவ்வளவு என்பதை ஊர்க் கணக்கர் கண்ணால் பார்த்து, முழு விளைச்சலைப் பதினாறு அணாவாக வைத்து, இந்த வருஷம் பத்தணா, பன்னிரண்டணா என்று சொன்ன காலம் உண்டு. வரி வஜாவும் பஞ்ச நிவாரணமும் அந்த அணாவை நம்பி இருந்தன. பீகார், ஒரிசாவில் 1923 முதல் ஹப்பேக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, வயலில் குலுக்கல் முறையில் சிறு இடங்களைத் தேர்ந்து அறுத்து எடைபோட்டுக் காட்டினார். வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அதைப் பெரிதாக்கினார். பின்னர் சுகாத்மே என்ற இன்னொரு புள்ளியியலாளர் ஒரு நுட்பமான பிழையைப் பிடித்தார்: அறுக்கும் இடம் சின்னதாகச் சின்னதாக விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது. எல்லையில் நிற்கும் கதிரைக் கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. இடம் சிறிதாகச் சிறிதாக, பரப்போடு ஒப்பிட்டால் எல்லையின் பங்கு கூடுகிறது. 1946-இல் 'நேச்சர்' இதழில் அதை எழுதினார்.

இன்று காலிங்கராயன், கீழ்பவானிப் பாசனத்தில் நெல் அறுவடையாகும் பருவத்தில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை இந்தப் பரம்பரையில் வந்தது. கிராமம், சர்வே எண், வயல் எல்லாம் சமவாய்ப்பு எண்களின்படி. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, தரப்பட்ட எண்ணளவு நடந்து முளை அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடைபோட வேண்டும். வயல்காரருக்கு நட்டமான மூலையைக் காட்டத் தோன்றும், அது இயல்பு. அலுவலருக்கு நடக்க வசதியான வரப்போரம் பிடிக்கும். இருவர் விருப்பத்துக்கும் இடம் கொடுக்காமல் இருப்பதற்கே அந்த எண்.

அந்தச் சதுரம் ஒரு ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. தராசில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும். அறுத்த நெல்லில் ஈரம் இருப்பதால், ஒரு பகுதியைக் காயவைத்து மறுபடி எடைபோட்டுக் கழிக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பெரும்பாலும் தனி ஒருவரின் வயலைப் பார்த்து அல்ல, கிராமத்துக்கோ குறுவட்டத்துக்கோ இப்படிக் கிடைக்கும் சராசரியைப் பார்த்தே முடிவாகிறது. கயிறு கட்டும்போது வயல்காரர் கூட நின்று, எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.