புதுக்கோட்டைக் கல்வெட்டு முதல் கிரயப் பத்திரம் வரை: பெயர்த்தொடரும் வினைத்தொடரும்

ஒரே மொழியைப் பேசுவோர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசுவதோ எழுதுவதோ இல்லை. வீட்டுப் பேச்சு, செய்தித்தாள், பாடநூல், அரசு ஆணை, பத்திரம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நடையைக் கொண்டுள்ளது. இதனை மொழியியலார் நடைவகை என்பர். ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் எனப்படுவது இதுவே. நடைவகைகளுக்கு இடையிலான வேறுபாடு சொற்களோடு நின்றுவிடுவதில்லை. பெயர்த்தொடரும் வினைத்தொடரும் அமையும் முறையிலும் அது வெளிப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளைக் கொண்டு இவ்வேறுபாட்டின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு பெயர்ச்சொல்லும் அதற்கு அடையாக வரும் சொற்களும் சேர்ந்தது பெயர்த்தொடர். ஒரு வினைச்சொல்லும் அதனுடன் இணையும் எச்சங்களும் துணைவினைகளும் சேர்ந்தது வினைத்தொடர். "நேற்று வாங்கிய புதிய குடை" என்பது பெயர்த்தொடர். "வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்" என்பது வினைத்தொடர்.

ஆங்கில ஆய்வு காட்டியது

வழக்கு, செய்யுள் என மொழியைப் பிரித்துப் பார்க்கும் முறை தொல்காப்பியத்திலேயே உண்டு. ஆயினும், நடைவகைகளின் இலக்கணத்தை எண்ணிக்கையால் அளந்து ஒப்பிடும் முறை கணினி வந்த பிறகே பெரிதாக வளர்ந்தது. 1999இல் டக்ளஸ் பைபரும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் வெளியிட்ட லாங்மன் ஆங்கில இலக்கணம் இதில் முதன்மையானது. உரையாடல், புனைகதை, செய்தி, கல்விசார் உரைநடை ஆகிய நான்கு நடைவகைகளை அது ஒப்பிட்டது. அதற்கு அடிப்படையாக அமைந்த தரவுத் தொகுப்பு ஏறத்தாழ 4 கோடிச் சொற்களைக் கொண்டது.

உரையாடலில் வினைச்சொற்களும் பதிலிப்பெயர்களும் மிகுதி, பெயர்த்தொடர்கள் சிறியவை. செய்தியிலும் கல்விசார் உரைநடையிலும் பெயர்ச்சொற்கள் மிகுதி, பெயர்த்தொடர்கள் நீளமானவை. செயப்பாட்டுவினையின் அளவு இன்னும் தெளிவான வேறுபாட்டைக் காட்டுகிறது. கல்விசார் உரைநடையின் முற்றுவினைகளில் சுமார் 25 விழுக்காடு செயப்பாட்டுவினை. உரையாடலில் அது சுமார் 2 விழுக்காடுதான்.

தமிழில் இது எவ்வாறு அமைகிறது என்பதற்குப் பழைய சான்று புதுக்கோட்டை நகருக்கு அருகிலேயே உள்ளது.

சித்தன்னவாசல்: ஒரே பெயர்த்தொடர்

சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியருக்கான கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது எனக் கல்வெட்டறிஞர்கள் கொள்வர். சில சொற்களின் வாசிப்பில் கருத்து வேறுபாடு இருந்தாலும் அமைப்பு தெளிவானது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடிக்கு இளையர் செய்த இருக்கை என்பது அதன் பொருள்.

இதில் வினைமுற்று இல்லை. "பிறந்த", "செய்த" என்பவை பெயரெச்சங்கள். இறுதியில் நிற்கும் "இருக்கை" என்ற பொருளுடைய பெயரே தலைமைச்சொல். முன்னுள்ள அனைத்தும் அதற்கு அடை. இதையே ஒருவர் நேரில் சொல்லியிருந்தால் "இளையர் இருக்கை செய்தனர்" என வினைமுற்றில் முடித்திருப்பார். கல்லில் பொறித்தவருக்கு நடந்த செயலைவிட, இந்தக் கற்படுக்கை யாருடையது, யார் செய்தது என்பதே முக்கியம். அதனால் பொருளின் பெயர் தலைமையிடம் பெற்றது.

ஊரோம் குடுத்தோம்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடங்களைத் தொகுத்து வெளியிட்டது. 1130 கல்வெட்டுகளைக் கொண்ட அத்தொகுதி, மொழி வரலாறு படிப்போருக்கும் ஒரு கருவூலம். அவற்றுள் நில விற்பனை, கொடை, பாடிகாவல் உரிமை பற்றிய ஆவணங்கள் பல உள்ளன.

இத்தகைய இடைக்கால ஆவணங்களில் "விற்றுக்குடுத்த பரிசாவது" என்னும் தொடர் வழக்கமாக வரும். "பரிசு" என்பது இங்கே முறை, விதம் என்று பொருள்படும். சித்தன்னவாசலில் கண்ட அதே அமைப்பு இங்கும் உள்ளது: பெயரெச்சம் முன்னே, தலைமைப்பெயர் பின்னே. அதன்பின் நிலத்தின் எல்லை, விலை, நிபந்தனைகள் தொடரும். முடிவில் "விற்றுக்குடுத்தோம்" என்றோ "கல்வெட்டிக் குடுத்தோம்" என்றோ வினைமுற்று வரும்.

மாணவர்கள் இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, "குடுத்தோம்" என்ற வடிவம். இன்று தேர்வுத்தாளில் இதைப் பிழை என்று சுழிப்போம். கல்வெட்டிலோ பேச்சு வடிவம் ஆவணத்தில் இயல்பாக இடம்பெற்றுள்ளது. நடைவகைகளுக்கு இடையிலான வேலி அன்று இவ்வளவு உயரமாக இல்லை.

இரண்டாவது, "ஊரோம்", "நாட்டோம்", "நகரத்தோம்" என்னும் சொற்கள். ஊராகிய நாங்கள், நாட்டாராகிய நாங்கள் என்பது இவற்றின் பொருள். தன்மைப் பன்மை விகுதியான "ஓம்" பெயரிலும் வருகிறது, வினையிலும் வருகிறது. "ஊரோம் குடுத்தோம்" என்னும்போது பொறுப்பேற்பவர் யார் என்பது இரண்டு முறை பதிவாகிறது. பின்னாளில் வழக்கு வந்தால், கொடுத்தவர் நாங்கள் அல்லர் என்று சொல்ல இடமில்லை.

இன்றைய பத்திரம்

இன்று ஒருவர் தம் உறவினரிடம் "நான் என் வயல வித்துட்டேன்" என்பார். பெயர்த்தொடர் இரண்டே சொல். செய்தி முழுவதும் வினையில் நிற்கிறது. "வித்துட்டேன்" என்பதில் உள்ள "விடு" என்னும் துணைவினை, செயல் முடிந்துபோனதைக் காட்டுகிறது. இதையே பத்திரத்தில் எழுதும்போது "கீழ்க்கண்ட சொத்தைத் தங்களுக்கு விற்று, கிரயத் தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, நான் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்" என அமையும். "விற்று", "பெற்றுக்கொண்டு" என்ற வினையெச்சங்கள் "எழுதிக்கொடுத்த" என்ற பெயரெச்சத்தில் சேர்கின்றன. அது "பத்திரம்" என்ற பெயரில் முடிகிறது. "விற்றுக்குடுத்த பரிசாவது" என்பதன் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பத்திர நடை ஆங்கிலேயர் காலத்தில் பல புதுச் சொற்களை ஏற்றது. ஆனால் இத்தொடரமைப்பு கல்வெட்டுத் தமிழின் வழியில் வந்தது.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். ஆங்கிலப் பெயர்த்தொடர் நீளும்போது பெரும்பாலும் தலைமைச்சொல்லுக்குப் பின்னே நீளும். "டீட் ஆஃப் சேல்" என்பதில் "டீட்" முதலில் வந்துவிடுகிறது. தமிழில் அடைகள் முன்னே அடுக்கி வர, தலைமைச்சொல் கடைசியில்தான் வரும். ஆங்கிலப் பாடநூலின் நீண்ட வாக்கியத்தில் நம் மாணவர் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். தேட வேண்டிய சொல் அவருக்குப் பழக்கமில்லாத பக்கத்தில் உள்ளது.

அலுவலகத் தமிழில் மறைந்தவர்

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டபின் அலுவலகக் கடிதங்கள் படிப்படியாகத் தமிழுக்கு மாறின. பல தொடர்கள் ஆங்கிலக் கோப்பு நடையின் சாயலிலேயே அமைந்தன. "மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது", "நடவடிக்கை மேற்கொள்ளப்படும்" போன்றவை அத்தகையவை. செயப்பாட்டுவினை பழந்தமிழிலும் உண்டு, அது பிழையன்று. ஆனால் இத்தொடர்களில் பரிசீலிப்பவர் யார், நடவடிக்கை எடுப்பவர் யார் என்பது இல்லை. "ஊரோம்" என்று பெயரிலும் வினையிலும் தன்னைப் பதித்துக்கொண்ட ஆவணத் தமிழுக்கு இது நேர் எதிரான போக்கு. மனு கொடுத்தவர் அடுத்து யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பதற்கு இந்த வினை வடிவமும் ஒரு காரணமாகிறது.

படிப்போருக்கு

நடைவகை இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. கையெழுத்திடும் முன் பத்திரத்தைப் படிப்பவர், நீண்ட தொடரின் கடைசிப் பெயரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதற்கு முன்னுள்ள பெயரெச்சத்தைப் பார்த்து, செய்தவர் யார், யாருக்கு, எதை என்று கேட்க வேண்டும். அலுவலகக் கடிதத்தில் "படு" வந்தால், அங்கும் யாரால் என்று கேட்க வேண்டும். விடை அந்தத் தாளில் இல்லையெனில் எழுதிக் கேட்பதற்கு வாசகருக்கு உரிமை உண்டு.