யாருக்கான குளிர்

பால்வெட்டு ஏன் விடியுமுன்னே தொடங்கியது? தோட்டத்துப் பாட்டிகளைக் கேட்டால், "வெயில் ஏறினா பால் நின்னுரும்யா" என்பார்கள். அதிகாலைக் குளிரில் மரத்தின் உள்ளழுத்தம் அதிகம்; பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. நம் ஆட்கள் தூக்கத்தை விற்றுத்தான் அந்தக் குளிர் மணிநேரங்களை வாங்கினார்கள்.

முதல் உலகப்போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம் பிராங் பெசார். மலாயில் 'பெரும் போர்' என்று பொருள். உலகம் நட்ட பிபி 86 ரப்பர் இனத்தின் 'பிபி' இந்தப் பெயர்தான். 1990களில் இங்கே புத்ராஜெயா எழுந்தது. தோட்ட மக்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்குப் போனார்கள். தரைவீடு கேட்டுப் பல ஆண்டுகள் நடந்தார்கள். பக்கத்திலேயே, 1997இல், சைபர்ஜெயா திறக்கப்பட்டது. இன்று அது தரவு மையங்களின் ஊர்.

கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. குளிர்நாடுகளில் வெளிக்காற்றை உள்ளே விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இங்கே நள்ளிரவிலும் 24 டிகிரி, மேலே ஈரப்பதம் வேறு. ஜன்னலைத் திறந்து பயனில்லை. சைபர்ஜெயாவில் மேகாஜனா நிறுவனம் இரவின் மலிவு மின்சாரத்தில் குளிர்ச்சியை உண்டாக்கிச் சேமித்து, பகலில் குழாய்வழி கட்டடங்களுக்கு அனுப்புகிறது. இரவை வாங்கிப் பகலுக்கு வைப்பது, தோட்டத்துக் கணக்கேதான்.

ஏர்கோன் மனிதனுக்காகப் பிறந்தது என்று நினைக்கிறோம். 1902இல் கேரியர் வடிவமைத்த முதல் கருவி நியூயார்க் அச்சகம் ஒன்றுக்கானது. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகின. அதைத் தடுக்கத்தான் குளிர். மனிதனுக்கு அது பிறகு வந்தது.

இப்போது ஒரே அடுக்கில் நெருக்கிவைக்கும் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளின் சூட்டைக் காற்று சுமக்க முடிவதில்லை. அதே கன அளவு நீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் சுமக்கும். 1985இலேயே கிரே-2 கணினியைத் திரவத்தில் அமிழ்த்தி ஓட்டினார்கள். சில்லின்மேலேயே நீரை ஓடவிட்டால் அது சில்லென்று இருக்கவேண்டியதில்லை. முப்பது டிகிரிக்கு மேலான வெதுவெதுப்பே போதும். நம் வெப்பத்திலும் அதைக் குளிர்கோபுரமே தரமுடியும். கம்ப்ரஸர் பெரும்பாலும் தேவையில்லை. சிங்கப்பூர் 2023இல் தன் தரவு மையங்களை 26 டிகிரிக்கும் மேலே ஓட்டச் சொல்லும் தரநிலையை வெளியிட்டது. அதுவரை அறைகளை உறையவைத்ததில் பாதி பழக்கம்தான்.

ஆனால் கோபுரம் தண்ணீரை ஆவியாக்கும். மின்சாரம் மிச்சம், நீர் செலவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய் வறண்ட நாட்களை நாம் அறிவோம். மொத்த மின்சாரத்தைக் கணினிகளின் மின்சாரத்தால் வகுப்பதுதான் இத்துறையின் சிக்கன அளவுகோல். அந்தக் கணக்கில் தண்ணீர் இல்லை. வெளியே தள்ளிய சூடு எந்த வீட்டுப் பக்கம் போகிறது என்பதும் இல்லை.

டெங்கில் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். மதியம் மூன்று மணிக்கு மேல்மாடி வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.